எந்தக் கவுன்சிலிங்

மருதை கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எப்போது என்று கேட்டால், "எங்க கல்யாணத்துக்கு மொத நாள்" என்பாள் அவர் மனைவி வேணி. கல்யாணம் ஆகி இருபத்தொரு வருஷம் ஆகிறது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள். ஆனால் மருதையின் முகத்தைப் பார்த்தவர்கள் அவள் குறைத்துச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். கண்ணுக்குக் கீழே தொங்கும் அந்த இரண்டு பைகளிலும் பக்கத்துக்கு ஒரு படி அரிசி அளந்து கொட்டலாம்.

மருதைக்கு ரயில் ஓட்டுகிற வேலை. திருச்சியில் ஏறி விழுப்புரம் வரை ஓட்டிக்கொண்டு போவார். அங்கே படுத்து எழுந்து இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்புவார். பத்தொன்பது வருஷத்தில் அவர் வண்டிக்கு முன்னால் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். சிலர் தெரிந்தே வந்தார்கள். சிலர் காதில் போனை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் காணாமல் போன எருமையைத் தேடி வந்தார், எருமை கிடைத்துவிட்டது.

"கொஞ்சம் ஒடிச்சுத் திருப்பியிருக்கலாமே மாப்ளே?" என்று துறையூரிலிருந்து வந்த வேணியின் பெரியப்பா கேட்டார். ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது என்கிற விஷயம் நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் வேணிக்குத் தெரிந்தது. ஓட்டுகிறவர் கையில் இருப்பது ஹாரனும் பிரேக்கும்தான். ஹாரனை எதிரில் வருகிறவர் கேட்க வேண்டும். பிரேக்கை வண்டி கேட்க வேண்டும். அது கேட்டு முடிக்க முக்கால் கிலோமீட்டர் ஆகும்.

நின்ற வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்து, தகவல் சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கிளம்பிவிட வேண்டும். பின்னால் சென்னை வரைக்கும் வண்டிகள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் அதே தண்டவாளம், அதே வளைவு, அதே வேப்பமரம். கொலைகாரனைக்கூட சம்பவ இடத்துக்குப் போலீஸ் ஒரு தடவைதான் கூட்டிக்கொண்டு போகும். மருதை வாரத்துக்கு மூன்று தடவை போனார், மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில்.

பதினோராவது ஆள் வந்தது ஐப்பசியில், லால்குடி தாண்டி. புல்லுக்கட்டோடு ஒரு அம்மாள். அதற்கு அப்புறம்தான் மருதை வீட்டுக்குள்ளும் ரயில் ஓட்ட ஆரம்பித்தார். மிக்சி ஓடினால் அவர் கை தானாக எதையோ பிடித்து இழுக்கும். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் அம்மா மண்டபத்திலிருந்து காந்தி மார்க்கெட் வரை ஹாரனை விட மாட்டார். திருவானைக்கோவிலில் இரண்டு மாடுகள் இதனால் மனம் வெறுத்து ஊரை விட்டே போய்விட்டன என்று பேச்சு. டிவியில் ஒரு குழந்தை ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவார். அது சோப்பு விளம்பரமாக இருந்தாலும் சரி, குழந்தை அம்மாவிடம் ஓடினாலும் சரி.

கேட்டால், "ஒண்ணுமில்ல வேணி, தண்ணி குடு" என்பார். ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவே அவர் கேட்டு வாங்கிக் குடித்த தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் கொள்ளிடத்தில் ஒரு போகத்துக்குத் திறந்து விட்டிருக்கலாம்.

வேணிக்கு வேண்டியது ஒன்றுதான். பன்னிரண்டாவது ஆள் வருவதற்குள் இவரை இன்ஜினை விட்டு இறக்கிவிட வேண்டும். அதற்கு ஒரு வழி இருப்பதாக ஒரு வாரப் பத்திரிகையில் படித்தாள். மனசு நொந்தவர்களுக்குக் கவுன்சிலிங் கொடுப்பார்களாம். தேவைப்பட்டால் டாக்டர் லெட்டர் தருவாராம். லெட்டர் இருந்தால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்களாம். பக்கத்தைக் கிழித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, கீழ் வீட்டுக்கு இறங்கினாள்.

அவர்கள் குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், சத்யபாமா மாமியின் மாடியில். மாமி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமி, இவருக்குக் கவுன்சிலிங் போகணும். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

மாமியின் கை நின்றது. அவள் பேரன் தேசிக் அந்த வருஷம்தான் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான். ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் அந்த வீட்டில் பெருமாளின் திருநாமத்துக்கு அடுத்தபடியாக உச்சரிக்கப்பட்ட வார்த்தை கவுன்சிலிங்தான்.

"இந்த வயசுலயா? நன்னாயிருக்கே. கட்-ஆஃப் எத்தனை வெச்சிருக்கார்?"

"கட்-ஆஃபா?"

"அது இல்லாம எந்தக் காலேஜ்ல சீட் குடுப்பா? மொத ரவுண்டுல போனாத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ். மூணாவது ரவுண்டுன்னா சிவில்தான், இப்பவே சொல்லிட்டேன்."

வேணி விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் மாமி மருதைக்கு ஹாஸ்டல் வரை பார்த்து முடித்துவிட்டாள். புரிந்ததும் முகம் மாறிப்போனது.

"பதினோரு பேரா? பெருமாளே. ஏண்டிம்மா, ஒரே ஆத்துல இருந்துண்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே." அவரைக்காயை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். "அவரைப் போய் ரங்கநாதரைச் சேவிச்சுட்டு வரச் சொல்லு. தூக்கம் வேணும்னா அவரை விட்டா யாரைக் கேக்கறது? எத்தனை யுகமா படுத்துண்டிருக்கார்."

மருதை போனார். மார்கழிக் கூட்டத்தில் நாலு மணி நேரம் நின்று, சந்நிதியில் மூன்று விநாடி நின்று, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார்.

"என்னங்க, நல்லா சேவிச்சீங்களா?"

"ம். நல்லாத்தான் தூங்குறாரு."

அதோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. அப்புறம்தான் வேணி அந்தத் தப்பைச் செய்தாள்.

ரயில் ஓட்டுகிறவர்களுக்கு மேலே லோகோ இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் உண்டு. அவரும் பல வருஷம் ஓட்டிவிட்டு மேலே போனவராகத்தான் இருப்பார். மருதைக்கு வாய்த்தவர் பெயர் அற்புதசாமி, பாலக்கரையில் வீடு. மருதை விழுப்புரத்தில் இருந்த ஒரு நாள், அவருக்குச் சொல்லாமல், ஒரு டஜன் மலைவாழைப்பழம் வாங்கிக்கொண்டு வேணி அங்கே போனாள்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு எப்படியாவது கவுன்சிலிங் கிடைக்க நீங்கதான் ஏற்பாடு பண்ணணும்."

அற்புதசாமி நாற்காலியை விட்டு அரை அடி எழும்பினார். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஒரு ஓட்டுநரின் மனைவி பழத்தோடு வந்து இதைக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

"நீங்களா வந்து கேக்குறீங்களாம்மா?"

"ஆமாங்க சார். அவரு தூங்குறதே இல்ல. சாப்பாடும் இறங்கல. எனக்குப் பயமா இருக்கு."

"தூக்கம் இல்லாமயா வண்டியில ஏறுறாரு? நல்லவேளை சொன்னீங்க. கவலைய விடுங்க. நானே குடுக்குறேன்."

"நீங்களே குடுப்பீங்களா சார்?"

"நான்தாம்மா குடுக்கணும். வருஷத்துக்கு நூறு பேருக்குக் குடுக்குறேன். மருதைக்கு ஸ்பெஷலாவே குடுத்துடுவோம்."

வேணி வீடு திரும்பிய டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் சக்கரமே படாமல் போனதாக அவளுக்கு ஞாபகம்.

அற்புதசாமி பொய் சொல்லவில்லை. அவர்கள் உத்தியோகத்தில் கவுன்சிலிங் என்பது வேறு. தப்பு செய்த ஓட்டுநரையோ, செய்துவிடுவார் என்று தோன்றுகிற ஓட்டுநரையோ கூப்பிட்டு உட்காரவைத்து, விதிகளை வாசித்துக் காட்டி, எங்கே கவனம் பிசகியது என்று சொல்லி, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவார்கள். அதற்குத்தான் அங்கே கவுன்சிலிங் என்று பெயர். இன்னாருக்குக் கவுன்சிலிங்காம் என்று டீக்கடையில் யாராவது சொன்னால், மற்றவர்கள், "என்ன பண்ணித் தொலைச்சான்?" என்றுதான் கேட்பார்கள்.

மறுநாள் வண்டியை விட்டு இறங்கிய மருதையை அற்புதசாமி கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இரண்டரை மணி நேரம் கொடுத்தார். மிகுந்த அன்போடு கொடுத்தார். ஹாரனை எவ்வளவு தூரத்தில் அடிக்க வேண்டும், பிரேக்கை எந்த விநாடியில் போட வேண்டும், ஓய்வு நேரத்தில் ஓய்வெடுப்பது எப்படி ஓட்டுநரின் கடமை என்று எல்லாம் சொன்னார். நன்றாகப் புரிய வேண்டுமே என்று, லால்குடி தாண்டி நடந்ததையே உதாரணமாக எடுத்துக்கொண்டு காகிதத்தில் படம் போட்டார். வளைவு இங்கே, வண்டி இங்கே, அந்த அம்மாள் இங்கே. நடுவில் இரண்டு டீ, ஒரு வடை. கடைசியில் ரிஜிஸ்டர் வந்தது. 'இனி கவனமாக இருக்கும்படி எனக்குக் கவுன்சிலிங் அளிக்கப்பட்டது. புரிந்துகொண்டேன்.' கீழே மருதை கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

"அந்தம்மா விஷயத்துல நான்தான் லேட்டு வேணி."

"எதுல லேட்டு?"

"பிரேக்குல. எனக்குக் கவுன்சிலிங் குடுத்துட்டாங்க. முன்னாடி பத்துப் பேருக்குக் குடுக்கல. இதுக்குக் குடுத்திருக்காங்கன்னா, எதையோ பாத்துட்டாங்க."

பதினோரு தடவையும் விசாரணை நடந்து, ஓட்டுநர் மீது தவறு இல்லை என்று ஒரு வரி வந்திருந்தது. இத்தனை வருஷமாக மருதை நின்றுகொண்டிருந்ததே அந்த ஒரு வரியின் மேல்தான். அதை ஒரு டஜன் வாழைப்பழத்தைக் கொடுத்து வேணி உருவிவிட்டாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அரிசி டப்பாவைத் தூக்கி, பத்திரிகைக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். "மனசுக்குக் குடுக்குற கவுன்சிலிங்னு நெனச்சுக் கேட்டேங்க. சத்தியமா." அவர் கத்தியிருந்தால், அந்தக் காகிதத்தைக் கிழித்து எறிந்திருந்தால், அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவர் அதை முழுக்கப் படித்து, நாலாக மடித்து, அவள் கையிலேயே கொடுத்தார்.

"நீ கேட்டா எழுதிடுவாங்களா? எத்தனை வருஷ சர்வீஸ் அவரு. ஒண்ணும் இல்லாம ரிஜிஸ்டரத் திறப்பாரா? படம் போட்டுக் காட்டுனாரு வேணி. நான் எங்க இருந்தேன், அது எங்க இருந்துச்சுன்னு."

அடுத்த நாளே வேணி பாலக்கரைக்கு ஓடினாள். இந்தத் தடவை பழம் இல்லை.

"அதை அடிச்சிடுங்க சார்."

"எதைம்மா?"

"ரிஜிஸ்டர்ல எழுதுனத."

"அதுல ஒரு கோடு போட்டேன்னா, ஏன் போட்டேன்னு கேட்டு எனக்குக் கவுன்சிலிங் குடுப்பாங்கம்மா," என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். தான் கேட்டது எது, அவர் கொடுத்தது எது, மருதை எடுத்துக்கொண்டது எது என்று.

அற்புதசாமி குனிந்து தன் முழங்காலைத் தடவினார்.

"அது வேற கவுன்சிலிங்ங்களா," என்றார். அப்புறம், "எனக்கு ஒம்பதும்மா. நான் ஓட்டுன காலத்துல. என்னைய யாரும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து உள்ளே போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளே போனது எண்பது கிலோ ஆள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தது நாற்பது கிலோ ஆள்.

"எங்க பொண்ணோட படிச்ச பொண்ணு ஒண்ணு, சம்ரீன்னு பேரு, தில்லை நகர்ல மனசுக்குத்தான் பாக்குது. இந்தாங்க நம்பர். நானே போகணும்னு ரெண்டு வருஷமா சட்டைப்பையில வெச்சிருக்கேன்."

காகிதம் நிஜமாகவே வியர்வையில் மஞ்சளாகிப் போயிருந்தது.

ரிஜிஸ்டர் இல்லாத கவுன்சிலிங் என்று உத்தரவாதம் கொடுத்து வேணி மருதையைக் கூட்டிப்போனாள். சம்ரீனுக்கு முப்பது வயது இருக்கலாம். மேஜை மேல் ஒரு நீள நோட்டு இருந்தது. மருதை அதைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார்.

"கையெழுத்தெல்லாம் வேணாம் சார். இது என் ஞாபகத்துக்கு வெச்சிருக்கேன்." சம்ரீன் நோட்டை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். "எப்ப நடந்துச்சு சார்?"

"எது?"

"அந்தச் சம்பவம்."

"போனது ஐப்பசியில. அடுத்தது எப்பன்னு தெரியலம்மா."

சம்ரீன் கேட்க வந்த அடுத்த கேள்வியை மாற்றிக்கொண்டாள். "அதுக்கப்புறம் அந்த இடத்துக்குப் போனீங்களா?" என்றாள்.

"நேத்துப் போனேன். நாளைக்கும் போறேன்."

"சார், உங்ககிட்ட மறைக்க விரும்பல. மழை நின்ன பிறகு தலை துவட்டி விடுறதுக்குத்தான் எங்களுக்கு அதிகமாச் சொல்லிக்குடுத்திருக்காங்க. 'அது முடிஞ்சுபோச்சு, இப்ப நீங்க பத்திரமா இருக்கீங்க'ன்னு சொல்லித்தான் ஆரம்பிப்போம். உங்ககிட்ட அதைச் சொன்னா அது பொய்."

"ஆமா," என்றார் மருதை. ரிஜிஸ்டரில் போட்ட கையெழுத்தைக் கழித்தால், ஐப்பசிக்குப் பிறகு அவர் ஒருவர் சொன்னதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"அதனால மொதல்ல மழையிலேர்ந்து வெளிய வரணும். இங்க பெரிய டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் வருவாங்க. அவங்க உங்களைப் பாத்துட்டு லெட்டர் எழுதுவாங்க. வண்டியிலேர்ந்து இறங்கி வேற வேலைக்குப் போயிடலாம்."

வேணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மாமியிடம் போனது, பாலக்கரைக்குப் போனது, எல்லாம். அது இப்போது மேஜை மேல் இருந்தது. மருதை கையை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"வேணாம்மா."

"ஏன் சார்?"

"கையெழுத்துப் போட்டு இருபது நாள் ஆகல. இப்ப இறங்குனா, தப்புப் பண்ணினான், இறக்கிட்டாங்கன்னு ஆயிடும்."

"யாரு சொல்லப் போறாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கே அப்படித்தான் ஆகும். சாகுற வரைக்கும் ஆகும்." மருதை பேனாவை மூடிப் பையில் வைத்தார். "போன மாசம் கேட்டிருந்தீங்கன்னா இறங்கியிருப்பேன். இப்ப ஒரு வருஷமாவது சுத்தமா ஓட்டணும். யாரும் வராம. அப்புறம் பாக்கலாம்."

யாரும் வராமல் இருப்பது அவர் கையில் இல்லை என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். சம்ரீன் விடவில்லை, இன்னும் அரை மணி நேரம் பேசிப் பார்த்தாள். மருதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரியாதையாக மறுத்துக்கொண்டே இருந்தார். வாரம் ஒரு தடவை வருவதற்கு மட்டும் சம்மதித்தார். அவர் செருப்பு மாட்டப் போனபோது வேணி பின்தங்கினாள்.

"நான் என்ன பண்ணணும்மா?"

"'மறந்துடுங்க'ன்னு சொல்லாதீங்கக்கா. 'உங்க தப்பில்ல'ன்னும் இப்போதைக்குச் சொல்லாதீங்க, அது இப்ப ஏறாது. டூட்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் பக்கத்துல உக்காருங்க. சொன்னாருன்னா கேளுங்க. கேக்குறது மட்டும்தான். நடுவுல ஆறுதல் வேணாம்."

"கேட்டா சரியாயிடுமா?"

"ஆகாதுக்கா. தனியா இருக்க மாட்டாரு. இன்னிக்கு என்னால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான். பெரிய டாக்டர்கிட்ட நானும் பேசிவைக்கிறேன். அவரு மனசு மாறுனா அந்த நிமிஷமே கூட்டிட்டு வாங்க."

நாலு நாள் கழித்து மருதைக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வேணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு மௌனம் ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரத்திலும் தேடினாலும் அகப்படாது. கீழே மாமி குக்கரில் விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணி கழிந்திருக்கும்.

"அந்தம்மா கையைக் காட்டுச்சு வேணி," என்றார்.

வேணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரோட்டுல பஸ்ஸுக்குக் காட்டுவோம்ல, 'இருய்யா, தாண்டிக்கிறேன்'னு. அந்த மாதிரி. தலையில புல்லுக்கட்டு, ஒரு கையால பிடிச்சிருக்கு. இன்னொரு கையை என் பக்கமாக் காட்டுச்சு. பயமே இல்ல. நான் நிறுத்திடுவேன்னு நெனச்சுக் காட்டுச்சு."

உங்கள் தப்பில்லை என்கிற வார்த்தை வேணியின் பல் வரைக்கும் வந்துவிட்டது. அதை மென்று விழுங்குவதற்குள் அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் பத்தாவது ஆளுக்குப் போய்விட்டார். அரியலூருக்கு முன்னால், ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். அப்புறம் ஒன்பது. அப்புறம் எட்டு, அது காலேஜ் பெண், பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தது. பை நனையக்கூடாது என்று மேட்டில் வைத்திருந்தது, அன்றைக்கு மழை.

சொன்னதில் அவர் முகம் ஒன்றும் தெளிந்துவிடவில்லை. நாலு இடத்துக்கும் இன்னொரு தடவை போய்விட்டு வந்தவர் மாதிரி சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஏழாவது ஆளை ஆரம்பிக்கப் போனவர் மணியைப் பார்த்தார். நாலே கால். எழுந்து முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினார்.

"மீதி ஏழும் வந்து சொல்றேன்," என்றார்.

வரும்போது அது ஏழாகத்தான் இருக்குமா, எட்டாகிவிடுமா என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"சரிங்க," என்று வேணி சாப்பாட்டு கேரியரைக் கொடுத்தாள்.